ஜர்னலிசம் எங்க படிக்கலாம்: விஸ்காமா, எம்.ஏ.வா, ஒரு வருஷ டிப்ளமோவா, இல்ல நேரா யூடியூபா?

ப்ளஸ் டூ ரிசல்ட் வர்ற சமயத்துலயும் டிகிரி கடைசி செமஸ்டர் முடியற சமயத்துலயும் எனக்கு வர்ற மெசேஜ்ல பாதி இந்தக் கேள்விதான். "அண்ணா, ரிப்போர்ட்டர் ஆகணும்னு ஆசை, விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) எடுக்கவா, இல்ல வேற டிகிரி முடிச்சுட்டு வரவா, வீட்ல ரெண்டுமே வேணாம்ங்கறாங்க." இன்னும் சிலர் நேரா கேட்டுடறாங்க, போன் இருக்கு, நெட் இருக்கு, அவனவன் சேனல் நடத்தறான், இதுக்கு எதுக்கு காலேஜ்னு.

தனித்தனியா பதில் போட்டு அலுத்துப் போச்சு, அதனால மொத்தமா ஒரே எடத்துல எழுதிடறேன். ஒரு விஷயம் முன்னாடியே சொல்லிடறேன், நான் ஒரு தமிழ் நியூஸ் வெப்சைட் டெஸ்க்ல, அதாவது வர்ற செய்தியைத் திருத்தி வெளியிடற பிரிவுல, உக்காந்திருக்கற ஆளு, புதுசா சேர்ற பசங்களோட காப்பி, அதாவது எழுதின செய்தி, முதல்ல என் டேபிளுக்குத்தான் வரும். அதனால என் பார்வை கொஞ்சம் டெஸ்க் பக்கம் சாஞ்சுதான் இருக்கும். சினிமா, விளம்பரம், ஈவென்ட் பத்தி இங்க பேசல, செய்தி வேலை மட்டும்.

## எதை வச்சு முடிவெடுக்கறது

அளவுகோலை முதல்ல வச்சுக்கலாம், இல்லன்னா ப்ரோஷர்ல இருக்கற ஸ்டூடியோ போட்டோவைப் பாத்து மயங்கி அட்மிஷன் போட்டுட்டு வந்துடுவோம்.

காப்பியை யாரு திருத்துவாங்க? என்னைக் கேட்டா இதுதான் முதல் கேள்வி, மத்ததெல்லாம் அப்புறம். நீங்க எழுதற செய்தியை, வேலை தெரிஞ்ச ஒருத்தர் வாரா வாரம் வரி வரியா படிச்சு, இந்தத் தகவல் எங்கேருந்து வந்துச்சு, இன்னொரு தரப்பு எங்க, முதல் பத்தியில என்ன சொல்ல வர்றன்னு கேட்டு திருப்பி அனுப்புவாரா? கேமரா ஆங்கிள் யூடியூப் பாத்தே கத்துக்கலாம், எடிட்டிங் சாஃப்ட்வேர் ரெண்டு மாசத்துல வந்துடும், ஆனா திருத்து வாங்கறது மட்டும் தனியா உக்காந்து கத்துக்கவே முடியாது. அதுவும் இப்ப பிரஸ் ரிலீஸைப் போட்டா சாட்ஜிபிடியே பத்து செகண்ட்ல செய்தி மாதிரி எழுதிக் கொடுத்துடுது, மாத்தி எழுதற வேலைக்கு மட்டும் ஆள் எடுத்த காலம் போயிட்டிருக்கு. களத்துக்குப் போய் தகவல் கொண்டு வர்றவன், வந்த தகவலை சந்தேகப்படத் தெரிஞ்சவன், இவங்களுக்குத்தான் இனிமே இடம்.

சட்டம் சொல்லித் தருவாங்களா? இதைப் பெருசா யாரும் கண்டுக்கறதில்ல. ஒரு உதாரணம் சொல்றேன். புதுசா வந்த ஒரு பையன், பள்ளி மாணவிக்கு நடந்த பாலியல் கொடுமை பத்தி காப்பி கொடுத்தான். பொண்ணு பேரு இல்ல, ஆனா ஸ்கூல் பேரு இருக்கு, எந்த கிளாஸ்னு இருக்கு, அப்பா எந்தத் தெரு முனையில டீக்கடை வச்சிருக்கார்ங்கறதும் இருக்கு. கேட்டா "பேரைத்தான் போடலையே சார்"ங்கறான். போக்சோ, அதாவது குழந்தைகளை பாலியல் குற்றத்துலேருந்து காக்கற சட்டம், அதோட பிரிவு 23 பேரை மட்டும் தடுக்கல, முகவரி, போட்டோ, குடும்ப விவரம், ஸ்கூல், இருக்கற ஏரியா, அடையாளம் தெரியற மாதிரி எதுவா இருந்தாலும் போடக்கூடாது, மீறினா குறைஞ்சது ஆறு மாசம், அதிகபட்சம் ஒரு வருஷம் ஜெயில், இல்ல அபராதம், இல்ல ரெண்டுமே. எழுதினவரோட சேத்து வெளியிட்ட நிறுவனமும் பொறுப்பு. இதோட கிரிமினல் அவதூறு இருக்கு, பழைய இந்திய தண்டனைச் சட்டம் (ஐபிசி) 499, 500 இப்ப பாரதிய நியாய சன்ஹிதா (பிஎன்எஸ்) 356 ஆயிடுச்சு, 2016ல சுப்ரீம் கோர்ட்டே அந்த சட்டம் செல்லும்னு சொல்லிடுச்சு. 2025 பிப்ரவரியில ஒரு கார்ட்டூனுக்காக விகடன் வெப்சைட்டே முடங்கி, மார்ச்ல மெட்ராஸ் ஹைகோர்ட் உத்தரவு போட்ட பிறகுதான் திரும்ப வந்துச்சு, அதுவும் அந்தக் கார்ட்டூனை தற்காலிகமா எடுக்கணும்ங்கற நிபந்தனையோட. நூறு வருஷப் பத்திரிகைக்கே இந்த நிலைமைன்னா தனியா சேனல் நடத்தற பையன் என்ன பண்ணுவான்?

மொத்தம் எவ்வளவு? ஃபீஸ் மட்டும் கணக்கு கிடையாது. ஹாஸ்டல் இல்ல பிஜி வாடகை, லேப்டாப், கேமரா, மைக், களத்துக்குப் போற பஸ் காசு, சம்பளம் இல்லாத இன்டர்ன்ஷிப் மாசங்கள், எல்லாத்தையும் கூட்டுங்க. கூட்டினதை நீங்க எதிர்பாக்கற முதல் மாச சம்பளத்தால வகுத்துப் பாருங்க. எத்தனை மாச சம்பளம் வருதுன்னு தெரிஞ்சா வீட்ல பேச வசதியா இருக்கும். இந்தத் துறையில ஆரம்ப சம்பளம் ஐடியில சேர்ற உங்க ஃப்ரெண்டு வாங்கறதை விடக் கம்மியாத்தான் இருக்கும், அதை மறைச்சு யாராவது பேசினா நம்பாதீங்க.

எந்த மொழி? தமிழ்ல எழுதப் போறீங்களா, இங்கிலீஷ்லயா? ரெண்டும் வேற வேற வேலைச் சந்தை.

கைல வர்ற பேப்பர் எதுக்கு உதவும்? டிகிரியா டிப்ளமோவான்னு பாக்கணும். பிற்பாடு லெக்சரர் ஆகணும்னா நெட்ங்கற யுஜிசி தகுதித் தேர்வு எழுதணும், அதுக்கு மாஸ்டர் டிகிரி வேணும், 55 சதவீத மார்க்கும் வேணும் (இடஒதுக்கீட்டுப் பிரிவுகளுக்கு 50). கடைசியா, இந்த வேலையே பிடிக்காமப் போனா அந்தப் படிப்பை வச்சு வேற எங்க போக முடியும்னும் யோசிக்கணும். நிறைய பேர் போறாங்க, அதுல வெக்கப்பட ஒண்ணுமில்ல.

## ப்ளஸ் டூ முடிச்சதும் விஸ்காம் அல்லது பி.ஏ. ஜர்னலிசம்

நம்மூர்ல விஸ்காம்னாலே லயோலா ஞாபகம் வரும், அப்புறம் சினிமா ஞாபகம் வரும். அந்த ரெண்டாவது ஞாபகம்தான் பிரச்சனை. பி.எஸ்சி. விஸ்காம் சிலபஸை எடுத்துப் பாருங்க, டிராயிங், டிசைன், போட்டோகிராபி, விளம்பரம், ஷார்ட் ஃபிலிம்னு போகும், ரிப்போர்ட்டிங்கும் எடிட்டிங்கும் ஒண்ணு ரெண்டு பேப்பர்ல முடிஞ்சுடும். அது படிப்போட தப்பு இல்ல, அது காட்சி ஊடகத்துக்கான படிப்பு, அவ்வளவுதான். ஜர்னலிசம்னு நினைச்சு சேந்துட்டு மூணாவது வருஷம் வரைக்கும் ஷார்ட் ஃபிலிமுக்கு லைட் பிடிச்சவங்க நிறைய பேரு என்கிட்ட இன்டர்வியூவுக்கு வந்திருக்காங்க. தம்ப்நெயில் பிரமாதமா போடுவாங்க, கவுன்சில் கூட்டத்துல நடந்ததை முன்னூறு வார்த்தையில எழுதுன்னா முழிப்பாங்க.

சென்னையில எம்ஓபி வைஷ்ணவா (பொண்ணுங்க காலேஜ்), எம்சிசி (மெட்ராஸ் கிறிஸ்டியன் காலேஜ்) மாதிரி சில காலேஜ்ல பி.ஏ. ஜர்னலிசம்னு தனியாவே இருக்கு. செய்திதான் வேணும்னு பதினேழு வயசுலயே உறுதியா இருந்தா அது மேல். எந்தக் காலேஜா இருந்தாலும் அவங்க லேப் ஜர்னல் (மாணவர்களே பயிற்சிக்காகப் போடற பத்திரிகை) கடைசி ரெண்டு மூணு இதழ் கேட்டு வாங்கிப் பாருங்க. ஆண்டு விழா, சிறப்பு விருந்தினர் உரைன்னு காலேஜ் செய்தியே நிறைஞ்சிருந்தா புரிஞ்சுக்கோங்க. பக்கத்துத் தெரு குப்பைக் கிடங்கு, மாநகராட்சி ஸ்கூல், ஆட்டோ ஸ்டாண்டுன்னு வெளிய போயிருந்தா அங்க யாரோ ஒரு நல்ல வாத்தியார் இருக்கார்னு அர்த்தம்.

மறைமுக செலவு இதுலதான் ஜாஸ்தி. மீடியா படிப்பு பல காலேஜ்ல சுயநிதிப் பிரிவுல ஓடுது, அரசு உதவி பெறற பிரிவு ஃபீஸ் மாதிரி நினைச்சுட்டுப் போகாதீங்க. கேமரா காலேஜ்லயே இருக்கும்னு சொல்வாங்க, நாப்பது பேருக்கு எத்தனை கேமரான்னு கேளுங்க. கடைசியில சொந்தமா ஒண்ணு வாங்க வேண்டி வரும், ப்ராஜெக்ட்டுக்கு குரூப்பா காசு போட வேண்டி வரும்.

லாபம் என்னன்னா டிகிரி கைக்கு வந்துடும், அதை வச்சு டிஎன்பிஎஸ்சி உட்பட ஏதாவது ஒரு டிகிரி இருந்தா போதும்ங்கற எந்தப் பரீட்சையும் எழுதலாம். அரசுப் பள்ளியில ஆறாவதுலேருந்து ப்ளஸ் டூ வரைக்கும் படிச்சிருந்தா பொண்ணுங்களுக்கு புதுமைப் பெண், பசங்களுக்கு தமிழ்ப் புதல்வன், மாசம் 1000 ரூபாய் வரும். சின்னத் தொகைதான், ஆனா பஸ்ஸுக்கும் டேட்டாவுக்கும் ஆச்சு.

காலேஜ்ல இருக்கும்போதே விகடன் மாணவப் பத்திரிகையாளர் திட்டம் மாதிரி எதுலயாவது நுழைஞ்சிடுங்க. பல பத்து வருஷமா நடக்கற திட்டம், இன்னிக்கு தமிழ் மீடியாவுல பெரிய பொறுப்புல இருக்கற எத்தனையோ பேரு அதுல வந்தவங்கதான். அதுக்கு ஜர்னலிசம்தான் படிக்கணும்னு இல்ல, இதை நல்லா மனசுல வச்சுக்கோங்க, கீழ ஒரு எடத்துல திரும்ப வரும்.

## பல்கலைக்கழக எம்.ஏ.

பிரிவினைக்கு முந்தின இந்தியாவுல, பல்கலைக்கழக ஜர்னலிசம் துறைகள்ல முன்னோடி 1941ல லாகூர்ல, பஞ்சாப் யுனிவர்சிட்டியில ஆரம்பிச்சது. அடுத்து 1947லயே மெட்ராஸ் யுனிவர்சிட்டி ஆரம்பிச்சிடுச்சு. யுனிவர்சிட்டி இருக்கற சேப்பாக்கத்துல இருந்து நடந்து போற தூரத்துல தலைமைச் செயலகம், பஸ்ல ஏறினா ஹைகோர்ட், ஒரு செய்தி மாணவனுக்கு இதை விட என்ன லொகேஷன் வேணும். திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார், கோவை பாரதியார், சேலம் பெரியார் யுனிவர்சிட்டியிலயும் இந்தத் துறை இருக்கு. பாண்டிச்சேரி மத்தியப் பல்கலைக்கழகத்துல மாஸ் கம்யூனிகேஷன் இருக்கு, அதுக்கு க்யூட் பிஜிங்கற நுழைவுத் தேர்வு எழுதணும்.

ஃபீஸ் விஷயத்துல இதை அடிச்சுக்க ஆளே இல்ல. தனியார் காலேஜ்ல ஒரு செமஸ்டருக்கு கேக்கறதை வச்சு இங்க ரெண்டு வருஷமே ஓட்டிடலாம்ங்கற மாதிரி இருக்கும். எஸ்சி, எஸ்டி, பிசி, எம்பிசி ஸ்காலர்ஷிப்பும் ஒழுங்கா வந்து சேரும். நெட், பிஎச்டின்னு போறவங்களுக்கும் இது நல்ல வழி.

ஆனா பாடத்துல பாதி கம்யூனிகேஷன் தியரி. தியரி வேஸ்ட்னு சொல்றவன் நான் இல்ல. மீடியா நமக்கு எதை யோசிக்கணும்னு சொல்லலைன்னாலும் எதைப் பத்தி யோசிக்கணும்னு சொல்லுது, இந்த அஜெண்டா செட்டிங் விஷயத்தைப் புரிஞ்சுக்கிட்டவனுக்கு ட்ரெண்டிங் லிஸ்ட்டைப் பாக்கற பார்வையே மாறிடும். பிரச்சனை என்னன்னா அதைப் பரீட்சைக்கு மனப்பாடம் பண்ணி எழுதிட்டு வெளிய வர்றதுதான் நடக்குது. சில துறையில வாத்தியார் போஸ்டிங் ரொம்ப நாளா காலியா கிடக்கும், கெஸ்ட் லெக்சரர் வச்சு ஓட்டுவாங்க, அவங்களுக்கே அடுத்த செமஸ்டர் வேலை இருக்குமான்னு தெரியாது, உங்க காப்பியை உக்காந்து திருத்த எங்க நேரம்? சேர்றதுக்கு முன்னாடி சீனியர் ரெண்டு பேரைப் பிடிச்சு, போன வருஷம் மொத்தம் எத்தனை செய்தி எழுதிக் கொடுத்தீங்க, அதுல எத்தனை திருத்தி திரும்பி வந்துச்சுன்னு மட்டும் கேளுங்க. அந்த ஒரு பதில்லயே தெரிஞ்சுடும்.

இங்க உங்களுக்கு நேரம் கிடைக்கும், அதுதான் இந்தப் படிப்போட பலம், அதை வீணாக்காம இருக்கணும். ரெண்டு வருஷம் கைல இருக்கு. திங்கட்கிழமை காலைல கலெக்டர் ஆபீஸ்ல மக்கள் குறைதீர்க்கும் நாள் நடக்கும், போய் மனு எழுதிக் கொடுக்கற இடத்துல நில்லுங்க. பட்டா மாறல, முதியோர் பென்ஷன் நின்னு போச்சு, சுடுகாட்டுப் பாதையை அடைச்சுட்டாங்கன்னு ஒவ்வொருத்தர் கையிலயும் ஒரு செய்தி இருக்கும். ஒரே ஊர்லேருந்து ஒரே மாதிரி மனு நாலஞ்சு வந்தா அது பெரிய செய்தி. அப்படியே 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி ஒரு ஆர்டிஐ, அதாவது தகவல் அறியும் உரிமைச் சட்ட மனு, போடுங்க, 30 நாள்ல பதில் சொல்லணும்னு சட்டம் இருக்கு. வராது பல சமயம், அப்ப மேல்முறையீடு பண்ணக் கத்துப்பீங்க, அதுவும் படிப்புதான்.

## டிகிரி முடிச்சுட்டு ஒரு வருஷ டிப்ளமோ

சென்னையில ஏசிஜே, அதாவது ஏஷியன் காலேஜ் ஆஃப் ஜர்னலிசம், 1994ல பெங்களூர்ல ஆரம்பிச்சு 2000லேருந்து சென்னையில நடக்குது, இப்ப தரமணியில. ஒரு வருஷத்துக்குள்ள பிழிஞ்சு எடுத்துடுவாங்க, அந்த வேகம்தான் அதோட மதிப்பு. காலைல அசைன்மென்ட், சாயங்காலம் டெட்லைன், எடிட்டிங், திருப்பி எழுது. நான் முதல்ல சொன்ன அளவுகோலுக்கு நேரா வர்ற இடம்னா இந்த மாதிரி இடங்கள்தான். கேம்பஸுக்கே மீடியா நிறுவனங்கள் வந்து ஆள் எடுக்கும், கூடப் படிச்சவங்க நாளைக்கு டெல்லி, மும்பைன்னு எல்லா நியூஸ்ரூம்லயும் இருப்பாங்க, ஒரு நம்பர் வேணும்னா போன் அடிக்க ஆள் இருக்கும்.

மைனஸும் பெருசுதான். ஃபீஸ் லட்சக்கணக்குல, தரமணி பக்கம் தங்கற செலவு வேற, அந்தப் பக்கம் ஐடி காரங்களால வாடகை எகிறிக் கிடக்கு. கையில வர்றது போஸ்ட் கிராஜுவேட் டிப்ளமோ, மாஸ்டர் டிகிரி இல்ல. அதனால நெட்டுக்கு உதவாது, எஜுகேஷன் லோன் வாங்கப் போனாலும் இந்தப் படிப்புக்கு கொடுப்பீங்களான்னு பேங்க்ல முன்னாடியே கேட்டுடணும். தலித், பழங்குடி மாணவர்களுக்கு ஸ்காலர்ஷிப் இருக்கு, தகுதி இருந்தா ஃபீஸைப் பாத்து பயந்து அப்ளை பண்ணாம விட்டுடாதீங்க. இன்னொண்ணு, முழுக்க இங்கிலீஷ். தமிழ்ல எழுதணும்னு ஆசைப்படறவங்க அங்க போய் நல்ல ரிப்போர்ட்டரா வரலாம், ஆனா தமிழ் காப்பி எழுதற கை தனியா பழகணும்.

டெல்லி ஐஐஎம்சி (இந்தியன் இன்ஸ்டிடியூட் ஆஃப் மாஸ் கம்யூனிகேஷன்) 1965ல ஆரம்பிச்சது, 2024லேருந்து நிகர்நிலைப் பல்கலைக்கழகம். உருது, ஒடியா, மராத்தி, மலையாளத்துல ஜர்னலிசம் டிப்ளமோ நடத்தறாங்க, மலையாளத்துக்கு கோட்டயத்துல கேம்பஸே இருக்கு. தமிழுக்கு அப்படி ஒரு கோர்ஸ் இல்ல, ஏன்னு யாராவது பார்லிமென்ட்ல கேக்கலாம்.

தமிழ்நாடு அரசு 2025ல கோட்டூர்புரத்துல சென்னை இதழியல் நிறுவனம் ஆரம்பிச்சிருக்கு, ஒரு வருஷ முதுநிலை டிப்ளமோ, தமிழ், இங்கிலீஷ் ரெண்டுக்கும் இடம் கொடுத்து. தமிழ்ல செய்தி எழுத வர்றவங்களுக்கு இது நல்ல சேதிதான். ஆனா ரொம்பப் புதுசு, முதல் சில பேட்ச் பசங்க எங்க போய் சேர்றாங்கன்னு பாத்தாத்தான் தெரியும். அரசு காசுல நடக்கற இடத்துல அரசையே கேள்வி கேக்கற செய்தியை மாணவர்கள் எந்த அளவுக்கு எழுதறாங்கங்கறதையும் நான் கவனிச்சுக்கிட்டுத்தான் இருப்பேன்.

ஏற்கனவே வேலையில இருக்கறவங்களுக்கு இக்னோங்கற திறந்தநிலைப் பல்கலைக்கழகத்துல தபால் வழியில ஜர்னலிசம் டிப்ளமோ இருக்கு, செலவு கம்மி. பேப்பர் கிடைக்கும், பயிற்சி கிடைக்காது. ப்ரமோஷனுக்கோ ஏதாவது மக்கள் தொடர்பு வேலை நோட்டிஃபிகேஷனுக்கோ ஜர்னலிசம் டிப்ளமோ தேவைன்னா மட்டும் போடுங்க.

## முதல்ல வேற சப்ஜெக்ட்

இதை யாருமே கேக்கறதில்ல, ஆனா நான் சொல்ற முதல் பதில் பெரும்பாலும் இதுதான்: டிகிரியில எகனாமிக்ஸ், சட்டம், புள்ளியியல், வரலாறு, வேளாண்மை, ஏதோ ஒண்ணை உருப்படியா படிங்க, ஜர்னலிசத்தை அதுக்கு மேல ஏத்திக்கோங்க. கிராமத்து செய்திகளுக்காகவே பேரு வாங்கின பத்திரிகையாளர் பி. சாய்நாத் டெல்லி ஜேஎன்யூல படிச்சது வரலாறு. விவசாயிங்க கடனைப் பத்தி அவர் எழுதினப்ப கேமரா ஆங்கிளா அவருக்கு உதவுச்சு?

ஒரு நியூஸ்ரூம்ல பட்ஜெட் அன்னிக்குப் பாக்கணும். வருவாய்ப் பற்றாக்குறையும் நிதிப் பற்றாக்குறையும் ஒண்ணா வேறயான்னு தெரிஞ்ச ஆளு ஒருத்தர்தான் இருப்பார், மொத்த டெஸ்க்கும் அவர் சீட்டைச் சுத்தி நிக்கும். கோர்ட் தீர்ப்பு நாளும் அதே கதை, இடைக்காலத் தடைக்கும் தீர்ப்புக்கும் வித்தியாசம் தெரியாம ஸ்க்ரோல் போட்டு அப்புறம் அவசரமா எடுத்த சேனல் எத்தனையோ. இந்த வழியில மறைமுக செலவுன்னு பாத்தா காலம்தான், மூணு வருஷம் ஜர்னலிசம் படிக்கற பசங்க பைலைன் (செய்தியோட தன் பேரு) வாங்கிட்டிருக்கும்போது நீங்க வெளிய நிக்கற மாதிரி இருக்கும். அதுக்குத்தான் விகடன் திட்டத்தை மேல சொன்னேன். பாரி, அதாவது சாய்நாத் ஆரம்பிச்ச கிராமப்புற செய்தித் தளம், மாணவர்களையும் எழுத வைக்குது, தமிழ்லயும் வெளியிடுது. எகனாமிக்ஸ் படிச்சுக்கிட்டே ரெண்டு வழியிலயும் பழகலாம்.

துறையை விட்டு விலகினாலும் சேதாரம் கம்மி. சட்டம் படிச்சவன் வக்கீலாப் போயிடுவான்.

## படிக்காம நேரா வேலை, இல்ல சொந்த சேனல்

வேலைன்னா ரெண்டு விதம். ஊர்ல பேப்பருக்கோ சேனலுக்கோ பகுதி நேர நிருபரா சேர்றது ஒண்ணு. செய்தி மோப்பம் பிடிக்க அதை விட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது, ஸ்டேஷன் ரைட்டர்லேருந்து விஏஓ வரைக்கும் பழக்கம் வந்துடும். ஆனா பல இடத்துல நிலையான சம்பளம்னு பேருக்குத்தான், பொங்கல் தீபாவளி மலருக்கு விளம்பரம் பிடிச்சுக் கொடுன்னு டார்கெட் வரும். விளம்பரம் கொடுத்தவரைப் பத்தி நாளைக்கு எப்படி எழுதுவீங்க? பிரஸ் மீட்ல நீட்டற பணக் கவரை வேணாம்னு சொல்ற தெம்பு மாசக் கடைசியில இருக்குமா? இந்தத் துறையில இருக்கறவங்களுக்கு நான் என்ன சொல்றேன்னு தெரியும். இன்னொண்ணு சென்னையில வெப் டெஸ்க்ல சேர்றது. ஷிஃப்ட்டுக்கு இத்தனை செய்தின்னு டார்கெட், மத்த சைட்ல வந்ததை மாத்தி எழுதி, கூகுள் தேடல்ல மேல வர்ற மாதிரி எஸ்இஓ டைட்டில் வச்சுப் போடறது. நல்ல சப் எடிட்டர் கீழ மாட்டினா ஒரு வருஷத்துல டிப்ளமோ அளவுக்குக் கத்துக்கலாம், மாட்டலைன்னா ராசிபலன் ஹெட்லைன் போட்டே கை மரத்துப் போயிடும்.

சேனல் கதைக்கு வருவோம். விளம்பரப் பணம் வரணும்னா 1000 சப்ஸ்கிரைபர், 12 மாசத்துல 4000 மணி நேரம் வாட்ச் டைம், இல்லன்னா 90 நாள்ல ஒரு கோடி ஷார்ட்ஸ் வியூ. வீடியோ விளம்பரத்துல 55 சதவீதம் உங்களுக்கு. கேக்க நல்லாத்தான் இருக்கும். ஆனா கொலை, கலவரம், பாலியல் குற்றம், சாதிப் பிரச்சனைன்னு உருப்படியான செய்தி எதைத் தொட்டாலும் மஞ்சள் டாலர் வந்து நிக்கும், விளம்பரம் குறையும். சினிமா கிசுகிசு போட்டா பச்சை டாலர். ஆறு மாசத்துல உங்க சேனல் எந்தப் பக்கம் சாயும்னு நீங்களே சொல்லுங்க. ஃபுட்டேஜுக்கு காப்பிரைட் வேற, 2025 மே மாசம் மோஹக் மங்கல்ங்கற பெரிய யூடியூபரே ஏஎன்ஐ நியூஸ் ஏஜென்சி வீடியோவை சில செகண்ட் பயன்படுத்தினதுக்கு காப்பிரைட் ஸ்ட்ரைக் வந்துச்சுன்னு பொதுவுல புலம்பினார். மூணு ஸ்ட்ரைக் விழுந்தா சேனலே போயிடும்.

இதையெல்லாம் விடப் பெரிய குறை, அந்த டீக்கடை விவரத்தை வெட்டச் சொல்ல அங்க யாரும் இல்லங்கறது. நீங்களே ரிப்போர்ட்டர், நீங்களே எடிட்டர், வக்கீல் நோட்டீஸ் வந்தா வாங்கற ஆளும் நீங்கதான்.

அதுக்காக சேனலே வேணாம்னு சொல்லல. யூடர்ன் மாதிரி சரிபார்ப்பு வேலையை மட்டும் பிடிச்சுக்கிட்டு தமிழ்ல பேரு வாங்கினவங்க இருக்காங்க. ஒரு ஏரியா, ஒரு பீட், உதாரணத்துக்கு உங்க மாவட்டத்து ஏரி குளம் மட்டும்னு எடுத்து ஒழுங்கா பண்ணினா வேலைக்கு அப்ளை பண்ணும்போது அதை விட நல்ல ரெஸ்யூமே கிடையாது. வருமானமா நினைக்காம பயிற்சி நோட்டா நினைச்சு பண்ணுங்க.

## ஒரே பார்வையில

| வழி | காப்பி திருத்து | செலவு | சட்டப் பாடம் | கைல வர்றது |
|---|---|---|---|---|
| விஸ்காம் | பெரும்பாலும் கம்மி | நடுத்தரம், கேமரா தனி | ஒரு பேப்பர் அளவு | டிகிரி |
| பி.ஏ. ஜர்னலிசம் | வாத்தியாரைப் பொறுத்து | நடுத்தரம் | இருக்கு | டிகிரி |
| பல்கலைக்கழக எம்.ஏ. | துறையைப் பொறுத்து | ரொம்பக் கம்மி | இருக்கு | மாஸ்டர், நெட் தகுதி |
| ஒரு வருஷ டிப்ளமோ | நிறைய | தனியார்ல ரொம்ப அதிகம் | நல்லா இருக்கும் | டிப்ளமோ, தொடர்புகள் |
| வேற சப்ஜெக்ட் + பயிற்சி | நீங்க தேடிப் போகணும் | சப்ஜெக்ட்டைப் பொறுத்து | தனியா படிக்கணும் | டிகிரி, ஒரு துறை அறிவு |
| நேரா வேலை | சீனியரைப் பொறுத்து | இல்ல | அடிபட்டுக் கத்துக்கறது | அனுபவம், பைலைன் |
| சொந்த சேனல் | இல்ல | மைக், கேமரா, வக்கீல் | இல்ல | பார்வையாளர்கள் |

## அப்ப யாருக்கு எது

வீட்ல காசு டைட்டு, ஆனா டிகிரி முடிச்சாச்சு, படிக்க ஆசைன்னா யோசிக்காம யுனிவர்சிட்டி எம்.ஏ. கிளாஸ்ல கிடைக்காத திருத்தை வெளிய தேடிக்கோங்க, லோக்கல் எடிஷன் ரிப்போர்ட்டர் யாரையாவது பிடிச்சு வாரம் ஒரு காப்பி காட்டுங்க, திட்டுவாங்க, வாங்கிக்கோங்க.

இங்கிலீஷ் நல்லா வரும், நேஷனல் மீடியாவுக்குப் போகணும், கடன் வாங்கினாலும் ரெண்டு மூணு வருஷத்துல அடைக்க முடியும்னா ஏசிஜே மாதிரி இடம். தமிழ்லதான் எழுதுவேன், ஒரு வருஷம்தான் செலவழிக்க முடியும்னா கோட்டூர்புரம் சென்னை இதழியல் நிறுவனத்தைப் பாருங்க. கேமரா, காட்சி, டாக்குமெண்டரின்னு மனசு போகுதுன்னா தாராளமா விஸ்காம், அதுல குற்ற உணர்ச்சி வேணாம், நல்ல வீடியோ ஜர்னலிஸ்ட் எல்லா சேனலுக்கும் தேவை. ப்ளஸ் டூதான் முடிச்சிருக்கீங்க, ஆசை இருக்கு ஆனா உறுதி இல்லன்னா வேற சப்ஜெக்ட் எடுத்துட்டு மாணவப் பத்திரிகையாளரா எழுதிப் பாருங்க. ஒரு வருஷம் வெயில்ல அலைஞ்ச பிறகும் ஆசை இருந்தா அது நிஜம்.

பொண்ணுங்களுக்குத் தனியா ஒண்ணு, நிறைய தங்கச்சிங்க கேக்கறதால சொல்றேன். எந்த நிறுவனத்துல இன்டர்ன்ஷிப் போனாலும் பாலியல் புகார் விசாரிக்கற உள்குழு இருக்கா, அதுல யாரு இருக்காங்கன்னு முதல் நாளே கேளுங்க. பத்து பேரோ அதுக்கு மேலயோ வேலை செய்யற இடம்னா 2013 சட்டப்படி இருந்தே ஆகணும். நைட் ஷிஃப்ட்டுக்கு கேப் உண்டான்னும் கேளுங்க, இதைக் கேட்டா என்ன நினைப்பாங்களோன்னு தயங்க வேணாம், கேள்வி கேக்கத்தானே இந்த வேலைக்கே வர்றோம்.

தேதி விஷயம்: க்யூட் பிஜிக்கு விண்ணப்பம் டிசம்பர், ஜனவரி வாக்குலயே வந்துடும், கடைசி செமஸ்டர் முடியட்டும்னு இருந்தா தேதி போயிடும். டிப்ளமோ இடங்களுக்கு என்ட்ரன்ஸ், இன்டர்வியூ உண்டு, இன்டர்வியூவுல அன்னிக்குப் பேப்பர்லேருந்து கேப்பாங்க. அவங்கவங்க வெப்சைட்ல தேதியையும் ஃபீஸையும் நேரா பாத்துக்கோங்க, ஏஜென்ட் எவனாவது சீட் வாங்கித் தர்றேன்னு வந்தா நம்பரை பிளாக் பண்ணிடுங்க. சிலபஸ் பிடிஎஃப்பை டவுன்லோட் பண்ணி அதுல ரிப்போர்ட்டிங், எடிட்டிங், மீடியா சட்டம்னு எத்தனை பேப்பர் இருக்குன்னு எண்ணி எனக்கு அனுப்புங்க, காலேஜ் பேரோட, அதுக்கப்புறம் "எது எடுக்கலாம் அண்ணா"ன்னு கேளுங்க, பதில் போடறேன்.